பதினெட்டுச் சூளைகளுக்குச் சொந்தக்காரன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு விண்ணப்பம். பயிற்சியின்போது கையில் கொடுத்தார்களே, நீல அட்டை போட்ட கையேடு, அதை ஒரு வரி விடாமல் படியுங்கள். அதில் பிழை எதுவும் கிடையாது. நான் இருபத்தாறு வருடம் அதன்படிதான் நடந்தேன். ஒரு பெண் பதினோரு வருடம் சேர்த்து வைத்த துணிச்சலை ஒன்றேகால் மணி நேரத்தில் விரிசல் விட வைத்ததும் அதன்படி நடந்துதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளுக்குப் பேனல் மாட்டுவதும் அதைப் பழுது பார்ப்பதும் என் வேலையாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு பெற்றேன். யாருடைய விருப்பம் என்று கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து என்னுடையதுதான்.

இந்தத் தொழிலைப் படத்தில் மட்டும் பார்த்திருப்பவர்களுக்காக இரண்டு வரி. மண்ணை அச்சில் அழுத்தி, காய வைத்து, மேலே கண்ணாடிப் பூச்சு பூசி, தள்ளுவண்டியில் அடுக்கிச் சூளைக்குள் தள்ளுவார்கள். எரிவாயுவில் அரை நாள் எரியும். சூடு எவ்வளவு மெதுவாக ஏறுகிறது, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதில்தான் சரக்கின் ஆயுள் இருக்கிறது. அவசரப்பட்டால் வெடித்துவிடும். மனிதர்களைப் போலத்தான், ஆனால் பீங்கான் சத்தம் போட்டுவிட்டு வெடிக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பெட்டிக்குப் பெயர் பேனல்.

நான் சேர்ந்த காலத்தில் பேனல் என்பது ஒரு சரக்கு. விற்றோம், வாங்கினார்கள், முடிந்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்க மூன்று திருகு, சூட்டைக் காட்ட ஒரு முள், ஒரு கதவு. வாங்கியவர் கதவைத் திறந்து பார்ப்பார். உள்ளே பல்லி செத்துக் கிடந்தால் ஈர்க்குச்சியால் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி எரிப்பார். வருடத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டால் அதிகம். கம்பெனியின் கண்ணோட்டத்தில் இது பெரிய நோய். வாடிக்கையாளர் நம்மை மறந்து நிம்மதியாக இருக்கிறார் என்றால் வியாபாரம் எங்கேயோ ஓட்டையாகிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எனவே நோய்க்கு மருந்து வந்தது. சென்னையில் ஒரு ஓட்டலின் குளிரூட்டிய அரங்கில் எங்களை உட்கார வைத்து, ஒரு பயிற்சியாளர் மருந்தை விளக்கினார். இனி பேனலை விற்கப் போவதில்லை. சூளையில் மாட்டிவைத்து மாதச் சந்தா வாங்குவோம். பேனலுக்குள் ஒரு சிம் இருக்கும். சூளை பற்ற வைக்கும்போது அது எங்கேயோ இருக்கும் கணினியிடம் உத்தரவு கேட்கும். எரிந்துகொண்டிருக்கும்போதும் கால் மணிக்கு ஒருமுறை, 'இந்த உரிமையாளரின் கணக்கு உயிரோடு இருக்கிறதா?' என்று விசாரிக்கும். இல்லை என்று பதில் வந்தால் எரிவாயுவை மூடிவிட்டு, காற்றாடியை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சூளையைக் குளிர வைக்கும். இதற்குப் பாதுகாப்பு நிறுத்தம் என்று பெயர். யாருக்குப் பாதுகாப்பு என்று நான் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் மீன் இருந்தது. கேள்வி கேட்டு நேரத்தை வளர்க்க எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் சொன்னார். 'முதலாளி, ஓனர் என்ற சொற்களை மறந்துவிடுங்கள். அவர்கள் பயனர்கள்.' நாங்கள் எழுதிக்கொண்டோம்.

ஊருக்குத் திரும்பி ஒவ்வொரு பட்டறையாகப் பழைய பேனலைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். மாட்டுவது எளிது. பதிவு செய்வதில்தான் சிக்கல். ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கொடுக்க வேண்டும். அந்தப் பெயரில்தான் கணக்கு. எரிக்கும்போதெல்லாம் அந்த எண்ணுக்கு ஓடிபி வரும்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் எந்தப் பொருளும் அதைப் பயன்படுத்துகிறவன் பெயரில் இருக்காது. கரண்டு இணைப்பு, செத்துப்போன அப்பா பெயரில் இருக்கும். ஓட்டுகிற வண்டி, முந்தைய மூன்றாவது சொந்தக்காரர் பெயரில் இருக்கும். சிம் மச்சான் பெயரில், கேஸ் அண்ணி பெயரில். இதில் யாருக்கும் உறுத்தல் கிடையாது. பெயர் என்பது காகிதத்தில் ஒரு மூலையை அடைப்பதற்கான விஷயம். பொருள் யார் கையில் இருக்கிறதோ அவருடையது. நூறு வருடம் அப்படித்தான் நடந்தது. அடித்துப் பிடுங்க யாரும் வரவில்லை.

முதல் பேனலை மாட்டியது மங்கலம்பேட்டை காதர் பாய் பட்டறையில். வளைகுடாவில் இருபது வருடம் உழைத்துவிட்டு வந்து சூளை போட்டவர்.

"இமெயிலா?" என்றார். "அதெல்லாம் நம்ம மாப்ள பாக்குறது. அவன் ரியாத்ல தூங்கிட்டிருப்பான். உங்களோடத போடுங்க சார், ஒண்ணும் ஆவாது."

"பாய், ஒவ்வொரு தபா எரிக்கும்போதும் நம்பர் எனக்கு வரும்."

"வரட்டுமே! போன் போட்டுக் கேட்டுக்கிறேன். நீங்க எங்க ஓடிடப் போறீங்க?"

நான் ஓடவில்லை. கம்பெனி கொடுத்த சிம் எண்ணையும் கம்பெனி கொடுத்த மின்னஞ்சலையும் போட்டேன். அடுத்த பட்டறையில் நானே கேட்காமல் போட்டேன். பதினெட்டுப் பட்டறை. பதினெட்டிலும் உரிமையாளர் என்ற கட்டத்தில் என் பெயர்.

சோம்பேறித்தனம் என்று நினைப்பீர்கள். பாதி அதுதான். மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது போன் வரும். "சார், பத்த வைக்கணும்." இடது கையால் எண்ணைப் பார்த்துச் சொல்வேன். எங்கோ ஒரு சூளை பற்றிக்கொள்ளும். முடி வெட்டிக்கொள்ளும்போது, கோயில் வரிசையில், பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒருமுறை. "ஊருக்கே நீங்கதாங்க தீக்குச்சி" என்றாள் என் மனைவி. அவள் கேலி செய்தாள்; நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். என் வட்டாரத்தில் எல்லாப் பேனலும் தாமதமின்றிப் பதிவானதற்காகக் கம்பெனி எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அது ஓடவில்லை. உத்தரவாதம் முடிந்த பிறகுதான் பெட்டியைப் பிரித்தோம்.

பதினெட்டாவது பேனல் பரிமளாவுடையது.

பரிமளா கருவேப்பிலங்குறிச்சிக்காரி. பதினோரு வருடம் இன்னொருவர் பட்டறையில் அச்சு இயந்திரத்தில் நின்றவள். ஒருநாள் போதும் என்று தோன்றி, நாத்தனார் செல்வியையும் இன்னும் மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துச் சிறிய சூளை ஒன்று போட்டாள். செய்வது பீஸ் கட்டை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே, கரண்டு போனால் உருவிக் கம்பி சுற்றுவோமே, அது.

பேனல் மாட்டிய அன்று அவள் மட்டும்தான் என்னைக் கேள்வி கேட்டாள்.

"இது எனக்கா சார், இல்ல வாடகைக்கா?"

"உபயோகத்துக்கும்மா."

"அது என்னா பதிலு? பொண்ணு கேக்க வந்தவன்கிட்ட, கல்யாணத்துக்கா வூட்டு வேலைக்கான்னு கேட்டா, உபயோகத்துக்குன்னு சொல்ற மாதிரி."

செல்வி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அவள் தன்னுடைய எண்ணைத்தான் கொடுக்கப் பார்த்தாள். அது ஒரு பட்டன் போன், மின்னஞ்சல் இல்லை. ஒன்று உருவாக்கிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு அன்று நல்லூரில் இன்னொரு வேலை இருந்தது. 'நான் பாத்துக்கிறேன் விடுங்க' என்றேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் இதைவிட அன்பான வாக்கியம் கிடையாது. இதைவிட ஆபத்தானதும் கிடையாது.

என் ஓய்வு நாளுக்கு வருவோம். அது ஒரு புதன்கிழமை. அலுவலகத்தில் மாலை நான்கு மணிக்குப் பாராட்டுக் கூட்டம். சால்வை, சந்தன மாலை, கேக், மிக்சர். மேலாளர் என்னை ஆலமரம் என்றார். பிறகு மனிதவளப் பிரிவிலிருந்து வந்திருந்த பெண், ஆலமரத்திடம் அடையாள அட்டையையும் சிம்மையும் ஒரு உறையில் வாங்கிக்கொண்டு, "ஆறு மணிக்கு உங்க ஐடி க்ளோஸ் ஆயிடும் சார்" என்றாள். தலையாட்டினேன். அந்த ஐடியின் வாலில் பதினெட்டுச் சூளைகள் கட்டியிருப்பது எனக்கு அந்த நொடியில் ஞாபகம் வரவில்லை. கேக்கில் என் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று எரிந்துகொண்டிருந்தது ஒரே ஒரு சூளை. மத்தியானம் பரிமளாவுக்கு நான்தான் எண் சொல்லியிருந்தேன். அந்தச் சரக்கு சாதாரணச் சரக்கு அல்ல. கோயம்புத்தூரில் மின்சாதனம் செய்யும் ஒரு பெரிய கம்பெனிக்கு மாதிரிச் சரக்கு. வெள்ளிக்கிழமை காலை அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் வருடம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் கொட்டகையைக் காலி செய்துவிட்டு ஐந்து பேரும் பழைய பட்டறைக்குத் திரும்ப வேண்டியதுதான். இதை அவள் என்னிடம் மத்தியானமே சொல்லியிருந்தாள். "நம்பர மெதுவா சொல்லுங்க சார், ஒண்ணு மாறிடப் போவுது" என்றுகூடச் சொன்னாள்.

ஆறு பத்துக்கு என் சொந்த எண்ணுக்குப் போன் வந்தது. "சார், காத்தாடி கத்துது. நெருப்பு இல்ல. கொஞ்சம் வாங்க."

வண்டியை மிதித்துக்கொண்டு போனேன். கழுத்தில் மாலை. கழற்ற மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புங்கள். கொட்டகைக்குள் நுழைந்தபோது செல்வி என்னை மேலும் கீழும் பார்த்து, "மாப்ள வந்துட்டாரு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பேனலில் சிவப்பு எழுத்து: உரிமையாளர் கணக்கு செயலில் இல்லை. பாதுகாப்பு நிறுத்தம். காற்றாடி, புகைபோக்கியே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் இருந்த சூடு கண்ணெதிரே இறங்கியது. வயிற்றில் நெருப்போடு இருக்கும் சரக்கின் மேல் பச்சைக் காற்று அடிக்கிறது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொஞ்சம் தாமதமாக விளங்கும் ஆலமரம்.

பரிமளா பேனலைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் மெயின் சுவிட்ச் இருந்தது. அதன் பிடியில் கை வைத்தாள்.

"இத அமுத்திட்டா காத்தாடி நிக்கும்ல? அது பாட்டுக்கு மெதுவா ஆறட்டும். நாளைக்கு மறுபடி எரிச்சிக்கிறேன். சரக்காச்சும் மிஞ்சும்."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கரண்டை நிறுத்தினால் காற்று நின்றுவிடும். கதவு மூடிய சூளை தன் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் மெல்ல இறங்கும். பூச்சு உருகியிருக்காது, ஆனால் கட்டை உடைந்திருக்காது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு முழு நாள் இருந்தது.

"வாணாம்மா, வாணாம்!" என்று நான் அவள் கையைப் பிடித்தேன்.

ஏன் பிடித்தேன் என்பதை எட்டு மாதமாக யோசித்திருக்கிறேன். அவளிடம் சொன்ன காரணம் இது: எரியும்போது கரண்டைத் துண்டித்தால், பேனல் அதை அத்துமீறல் என்று பதிவு செய்துகொண்டு மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும். சென்னையிலிருந்து ஆள் வந்துதான் திறக்க வேண்டும். நாலு நாளாவது ஆகும். மறுநாள் எரிக்கவே முடியாது. உதவி எண்ணைக் கூப்பிட்டால் பத்தே நிமிடத்தில் கணக்கைத் திறந்துவிடுவார்கள், எரிப்பு விட்ட இடத்திலிருந்து தொடரும். கையேட்டின்படி இது சரியான பதில்.

அவளிடம் சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. அத்துமீறல் உரிமையாளரின் பெயரில்தான் பதிவாகும். உரிமையாளர் நான். என் ஓய்வுக்காலக் காகிதங்களில் இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. இதை நான் அந்த நொடியில் யோசித்தேனா என்றால், யோசிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். கை தானாக யோசித்தது. இருபத்தாறு வருடப் பழக்கம் மூளையில் தங்குவதில்லை, மணிக்கட்டில் தங்கிவிடுகிறது.

பரிமளா என்னைப் பார்த்தாள். பிடியை விட்டாள். "உங்கள நம்பித்தான் சார்" என்றாள்.

உதவி எண்ணில் முதலில் புல்லாங்குழல். பிறகு ஒரு பெண்ணின் அழகான தமிழ்.

"உரிமையாளர் பேசினால் மட்டுமே உதவ முடியும் ஐயா."

"நான்தாம்மா உரிமையாளர்."

"மகிழ்ச்சி ஐயா. உங்கள் பதிவு செய்யப்பட்ட கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பியிருக்கிறேன்."

"அந்த சிம்ம உங்க கம்பெனிதாம்மா ரெண்டு மணி நேரம் முன்னாடி உறையில போட்டு வாங்கிட்டுது."

"பரவாயில்லை ஐயா. மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன்."

"அந்த மின்னஞ்சல ஆறு மணிக்கு நீங்களே மூடிட்டீங்க."

"அப்படியானால் உரிமையாளர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் ஐயா. அதற்குத் தற்போதைய உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் எண்ணை அவருடைய கைபேசிக்கு அனுப்புவோம்."

பக்கத்தில் நின்ற செல்வி கேட்டாள்: "என்னாங்க சொல்றாங்க?"

"என்கிட்ட கேக்கணுமாம். ஆனா நான் இல்லியாம்."

மேலாளரைக் கூப்பிட்டேன். ஆலமரம் என்று சொன்ன வாய், வீட்டு விசேஷத்தில் இருக்கிறேன், காலையில் பார்ப்போம் என்றது. மறுபடி உதவி எண். மறுபடி புல்லாங்குழல். இந்த முறை வேறொரு பெண், முதலிலிருந்து தொடங்கினோம். என் தாயின் பெயர் கேட்டார்கள். நான் படித்த முதல் பள்ளி கேட்டார்கள். பதிவு செய்தபோது பதினெட்டுப் பேனலுக்கும் நான் ஏதேதோ பதில் கொடுத்திருந்தேன். என் தாயின் பெயரையே தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அந்தப் பெண் வருத்தத்துடன் தெரிவித்தாள்.

பரிமளா இந்தப் பேச்சு எதையும் கேட்கவில்லை. சூளைக் கதவுக்குப் பக்கத்தில், சூடு முகத்தில் அடிக்க, காதைச் சாய்த்து நின்றிருந்தாள். ஏழு இருபது இருக்கும். உள்ளே இருந்து ஒரு சத்தம். நகத்தால் கண்ணாடித் தம்ளரைச் சுண்டினால் வருமே, டிங் என்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. பிறகு மூன்று நான்கு ஒன்றாக. அடுத்தடுத்த அடுக்குகளுக்குப் பரவி, சூளைக்குள் யாரோ கொலுசோடு நடக்கிற மாதிரி கேட்டது.

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மெயின் சுவிட்சை நோக்கி ஓடினேன். ஆம், அப்போது ஓடினேன்.

"அமுத்த வாணாம் சார்" என்றாள் பரிமளா, திரும்பாமல். "இப்ப எதுக்கு?"

கோயம்புத்தூர்க்காரர் வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார். வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். பரிமளா கேட்கவில்லை. கண்ணுக்கு விரிசல் தெரியாத கட்டைகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, மேசையில் வரிசையாக வைத்திருந்தாள். பூச்சு உருகாமல் எல்லாம் மாவு படிந்த மாதிரி இருந்தன. வந்தவர் நல்ல மனிதர். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினார். நல்ல பீங்கான் மணி மாதிரி பேசும். இவை பேசவில்லை. தொண்டை கட்டியவன் மாதிரி தொக் தொக் என்றன. பத்து தட்டினார். பதினொன்றாவதைக் கையில் எடுத்து, தட்டாமலே கீழே வைத்துவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

அவர் அன்று வேறு எதையும் கேட்கவில்லை.

இதற்கிடையில் வியாழக்கிழமை காலை என் வாசலில் மற்ற பதினேழு பேர். யாருக்கும் சூளை பற்றவில்லை. காதர் பாய்தான் முன்னால் நின்றார்.

"சார், நம்ம சூளைக்கு நீங்கதான் ஓனராமே? சொல்லவே இல்ல. முபாரக்!"

"பாய்..."

"நான் நம்மளுதுன்னு நெனச்சி தினம் கூட்டிப் பெருக்கிட்டிருந்தேன். இனிமே ஆளு வெச்சிக்கிங்க."

கம்பெனி பெருந்தன்மையாக நடந்துகொண்டது. தவறு ஊழியருடையது என்றாலும், பயனர்களின் நலன் கருதி எல்லோருக்கும் புதிய கணக்கு திறந்து தருவதாகச் சொன்னது. புதிய கணக்குக்குப் புதிய ஒப்பந்தம். முன்பு நினைத்த மாதம் சந்தாவை நிறுத்திக்கொள்ளலாம். புதியதில் மூன்று வருடத்துக்கு முடியாது. இன்னும் சுடாத பச்சைச் சரக்கு கொட்டகை கொட்டகையாகக் காத்திருந்தது. பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை அவரவர் எண்ணைக் கொடுத்தார்கள். காதர் பாயின் மாப்பிள்ளை ரியாத்தில் தூக்கம் கலைந்து எழுந்து மின்னஞ்சல் உருவாக்கினார்.

என் முட்டாள்தனத்தால் கம்பெனி இழந்தது ஒன்றுமில்லை. பதினேழு பேரை மூன்று வருடத்துக்குக் கட்டிப் போட்டுக் கொடுத்தேன். வேலையில் இருந்திருந்தால் இன்னொரு கடிகாரம் கிடைத்திருக்கும்.

பரிமளா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அப்படியானால் பேனலைக் கழற்றிக்கொண்டு போவார்கள். கழற்ற உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். எனவே என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்குப் பதிலாக வந்திருந்த பொறியாளர் படிவத்தை நீட்டினார். "உங்க சாதனத்த நீங்களே விருப்பப்பட்டு ஒப்படைக்கிறீங்க. சரிங்களா சார்?" சரி என்றேன். அவள் கொட்டகையில் நின்று, அவள் சூளையின் மீதிருந்த பெட்டியை, என் விருப்பத்தோடு ஒப்படைத்தேன். ஓய்வுக்குப் பிறகு வரும் விருப்பங்களுக்குக் கணக்கே இல்லை. பொறியாளரிடம் சரியான அளவில் திருப்புளி இல்லை. பரிமளா உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்துவந்து நான்கு திருகையும் தானே கழற்றிக் கொடுத்தாள். நான் திருகுகளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் அவற்றை அவர் கையில் போட்டாள்.

இதிலிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களை விட்டுவிடுகிறேன். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு மின்னஞ்சல் உருவாக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை உட்கார்ந்து கொடுங்கள், நல்லூர் எங்கேயும் போய்விடாது. பொத்தானை அவர்கள் விரலால் அழுத்த வையுங்கள். ஒப்பந்தத்தில் 'உபயோகத்துக்கு' என்று இருந்தால், 'இது உங்களுடையது இல்லை' என்று வாய் திறந்து சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், எப்படியும் ஒருநாள் உறையில் போட்டு வாங்கிக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருத்தி தன் சூளையைக் காப்பாற்ற மெயின் சுவிட்சில் கை வைத்தால், அந்தக் கையைப் பிடிக்காதீர்கள். கையேட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கையேடு எழுதியவருக்கு அந்த டிங் சத்தம் கேட்டிருக்காது.

எனக்குக் கேட்கிறது. வீட்டில் தம்ளர் வைக்கும் சத்தத்துக்கு இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.

போன மாதம் பரிமளாவைப் பார்க்கப் போனேன். செல்வியும் மற்றவர்களும் வேறு வேறு பட்டறைகளுக்குப் போய்விட்டார்கள். பரிமளா பழைய இடத்திலேயே, அதே அச்சு இயந்திரத்தில், வாரத்துக்கு ஆறு நாள் நிற்கிறாள். கொட்டகையை மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தனியாகச் சூளை எரிக்கிறாள். பீஸ் கட்டை இல்லை. சந்தையில் விற்கிற சின்ன விளக்குகளும் ஊறுகாய் ஜாடிகளும். மங்கலம்பேட்டை மின்வேலைக்காரர் ஒருவர், கடையில் கிடைக்கிற சாமான்களை வைத்து ஒரு பலகையில் மூன்று திருகும் ஒரு முள்ளும் மாட்டிக் கொடுத்திருக்கிறார். கதவுகூடக் கிடையாது. எல்லாக் கம்பியும் வெளியே தெரிந்தது.

நான் போனபோது எரிந்துகொண்டிருந்தது. முள் கொஞ்சம் வேகமாக ஏறுகிற மாதிரி எனக்குப் பட்டது. கால் தானாக முன்னால் போனது. இரண்டாவது திருகைச் சற்றே குறைத்தால் சரியாகிவிடும் என்று கையை நீட்டினேன்.

"சார்."

குரலை உயர்த்தவில்லை. கையில் டீயோடு நின்றிருந்தாள்.

"அங்க நிக்காதீங்க. வந்து இப்பிடி உக்காருங்க."

"இல்லம்மா, அது கொஞ்சம் வேகமா..."

"தெரியும் சார். நான்தான் வெச்சேன்." டீயை ஒரு மர முக்காலியின் மேல் வைத்தாள். முக்காலி கொட்டகை வாசலில், சூளையிலிருந்து பதினைந்தடி தள்ளி இருந்தது. "குடிச்சிட்டுப் போங்க. எப்ப வேணா வாங்க, டீ போட்டுத் தரேன். சூளை கிட்ட மட்டும் வராதீங்க."

உட்கார்ந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி திருகில் கை வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்து நின்றாள். டீயைக் குடித்துவிட்டு, தம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன்.